குளிர்காலப் பயணமும் குதிரைக் கலையும்: அல்-கர்ப் மண்ணில் எஞ்சியிருப்பது எது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

திருக்குர்ஆனின் 106ஆவது அத்தியாயமான குறைஷ், நான்கே வசனங்கள் கொண்டது. நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே மனனம் செய்யும் அந்த அத்தியாயத்தில், குறைஷிக் குலத்தார் பழகியிருந்த இரண்டு பயணங்களை அல்லாஹ் நினைவூட்டுகின்றான். ஒன்று குளிர்காலத்துப் பயணம். மற்றொன்று கோடைக்காலத்துப் பயணம். குளிர்காலத்தில் அவர்களின் வணிகக் கூட்டம் வெதுவெதுப்பான யமனை நோக்கித் தெற்கே சென்றது. கோடையில் குளிர்ச்சியான ஷாம் தேசத்தை நோக்கி வடக்கே சென்றது என்று விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் விளக்குகின்றனர். பருவத்தை அறிந்து, இதமான நிலத்தைத் தேடிச் செல்வது மனிதனின் பழைய வழக்கம். அந்தப் பயணத்தையும் அதன் பாதுகாப்பையும் தந்தவனை வணங்குங்கள் என்பதே அந்த அத்தியாயத்தின் செய்தி.

அந்தப் பழைய வழக்கம் இன்றும் தொடர்கிறது. வட ஐரோப்பாவில் பனி மூடும் மாதங்களில் இங்கிலாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து, குறிப்பாகப் பணி ஓய்வு பெற்ற முதியவர்கள், போர்ச்சுக்கலின் தென்கோடிக்குச் சென்று தங்குகின்றனர். அந்தப் பகுதியின் பெயர் அல்கார்வ். ஜனவரியில்கூட அங்கே பகல் வெப்பம் சுமார் 16 டிகிரி செல்சியஸ் வரை உயரும். வடக்கே மோன்சிக் மலைத்தொடர் குளிர்காற்றைத் தடுக்கிறது; தெற்கே கடல் வெம்மையைக் காக்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வாதுமை மரங்கள் வெண்மையாகப் பூத்துக் குலுங்கும். பனியைக் காணாமல் ஏங்கிய வடநாட்டு மனைவிக்காக ஒரு முஸ்லிம் மன்னர் மலைச்சரிவெங்கும் வாதுமை நட்டார் என்று அங்குள்ள மக்கள் ஒரு கதை சொல்வர். அது வரலாறன்று, கட்டுக்கதைதான். எனினும், தங்கள் நிலத்தின் அழகை ஒரு முஸ்லிம் மன்னரோடு சேர்த்து நினைக்கும் பழக்கம் அம்மக்களிடம் இருப்பதை அக்கதை காட்டுகிறது.

மேற்கு என்னும் பெயர்

அல்கார்வ் என்பது ‘அல்-கர்ப்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. மேற்கு என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 92இல் (கி.பி. 711) தாரிக் இப்னு ஸியாத் கடலைக் கடந்த பின்னர் உருவான அந்தலுஸின் மேற்குப் பகுதியே ‘கர்புல் அந்தலுஸ்’ எனப்பட்டது. இன்றைய போர்ச்சுக்கலின் பெரும்பகுதி அதில் அடங்கும். லிஸ்பன் நகரம் 1147 வரை முஸ்லிம்களிடம் இருந்தது. தெற்கே ஷில்ப் எனப்பட்ட சில்வஷ் நகரம் 1189இல் வீழ்ந்து, 1191இல் முவஹ்ஹிதீன்களால் மீட்கப்பட்டு, அடுத்த நூற்றாண்டில் முற்றாகக் கைவிட்டுப் போயிற்று. 1249இல் ஃபாரூ நகரை மூன்றாம் அஃபோன்சு மன்னர் கைப்பற்றியதோடு அந்த மண்ணில் முஸ்லிம் ஆட்சி முடிவுற்றது.

ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தக் காலத்தின் தடயங்கள் இன்னும் இருக்கின்றன. சில்வஷில் செந்நிறக் கற்களால் ஆன கோட்டை நிற்கிறது. செவில்லின் கவிஞர்-அரசர் அல்-முஃதமித் தம் இளமையில் ஆளுநராக இருந்த ஊர் அது. மெர்த்தலா ஊரின் மாதா கோயில் ஒரு காலத்தில் பள்ளிவாசல். குதிரை லாட வடிவில் வளைந்த வாயில்களும் கிப்லாவைக் காட்டும் மிஹ்ராபும் அதன் சுவரில் இன்றும் உள்ளன. இவற்றைக் காணும் முஸ்லிம் பயணி பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஒன்று, இழந்ததை எண்ணி அழுகிறார். அல்லது, ‘இதெல்லாம் நாங்கள் கொடுத்தது’ என்று பெருமை பேசுகிறார். இவ்விரண்டைக் காட்டிலும் பயனுள்ள ஒரு பாடம் அந்த நாட்டில் உண்டு. கல்லில் தேடினால் அது கிடைக்காது. அதைக் குதிரை லாயத்தில் தேட வேண்டும்.

ஸனாத்தாக்களின் சவாரி

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த நிலத்துக்குக் குதிரையை முஸ்லிம்கள் கொண்டுவரவில்லை. இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உரோமானியர் லூசித்தானியக் குதிரைகளின் வேகத்தை வியந்தனர். லிஸ்பன் பகுதிப் பெட்டைக் குதிரைகள் மேல்காற்றினால் கருவுறுகின்றன என்ற வேடிக்கையான செவிவழிச் செய்தியை பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஆகவே விலங்கு அவர்களுடையது. முஸ்லிம்கள் அங்கே கொண்டு சென்றவற்றுள் முதன்மையானது அந்த விலங்கின் மீது அமரும் முறை.

வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களில் ஸனாத்தா என்னும் குலத்தார் புகழ்பெற்ற குதிரை வீரர்கள். அவர்களின் அங்கவடி குட்டையாகக் கட்டப்பட்டிருக்கும். முழங்கால் மடங்க, உடல் குதிரையோடு ஒட்டியிருக்கும். ஆயுதம் இலேசானது. குதிரை ஓரிரு அடிக்குள் திரும்பும், பாய்ந்து தாக்கும், பின்வாங்கும், எதிரி துரத்தும்போது சட்டெனத் திரும்பி மீண்டும் தாக்கும். தாக்குதலும் பின்வாங்கலும் மாறி மாறி வரும் இந்தப் போர்முறையை ‘கர்ரு வ ஃபர்ரு’ என்பர். அணிவகுத்து நின்று போரிடும் முறையோடு இதனை ஒப்பிட்டு இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

ஐரோப்பியப் பிரபுக்களின் சவாரி இதற்கு நேர்மாறானது. கால்களை நீட்டி, உயர்ந்த சேணத்தில் ஆப்பு வைத்ததுபோல் அமர்ந்து, கனத்த கவசத்தோடும் நீண்ட ஈட்டியோடும் நேர்க்கோட்டில் மோதுவது அவர்கள் முறை. மோதல் வெற்றி பெற்றால் எதிரி சிதறுவான். தவறினால் திரும்பி வர நேரமாகும். எல்லைப்புறங்களில் நூற்றாண்டுக் கணக்கில் போரிட்ட ஸ்பானியரும் போர்ச்சுக்கீசியரும் ஒரு முடிவுக்கு வந்தனர்: எதிரியின் சவாரியைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்ற முறைக்கு எதிரியின் பெயரையே வைத்தனர். ஸனாத்தா என்ற குலப்பெயர் அவர்கள் வாயில் ‘ஜினெத்தா’ ஆயிற்று. அம்முறையில் சவாரி செய்பவர் ‘ஜினெத்’ ஆனார்.

முஸ்லிம்களிடம் இந்தக் கலை வெறும் கைப்பழக்கமாக இருக்கவில்லை. ‘ஃபுரூஸிய்யா’ என்னும் பெயரில் அது நூல்களால் வளர்க்கப்பட்ட ஒரு துறை. 12ஆம் நூற்றாண்டில் செவில்லில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், வேளாண்மை பற்றிய தம் பெருநூலிலேயே குதிரை வளர்ப்பையும் அதன் நோய்களையும் சேர்த்து எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் கிரனாடாவின் இப்னு ஹுதைல், குதிரை வீரர்களின் அணிகலன் என்னும் பொருள்படும் தலைப்பில் தனி நூலே எழுதினார்.

எதிர்த்தரப்பு அரசர் எழுதிய நூல்

1415 ஆகஸ்ட் 21ஆம் நாள் போர்ச்சுக்கீசியர் கடல் கடந்து மொராக்கோவின் ஸப்தா நகரைக் கைப்பற்றினர். நகரின் பெரிய பள்ளிவாசலைக் கிறிஸ்தவ ஆலயமாக மாற்றி, அங்கேயே மன்னர் ஜுவாங் தம் புதல்வர்களை வீரர்களாகப் பட்டம் சூட்டினார். அந்தப் புதல்வர்களில் மூத்தவர் துவார்த். 1433 முதல் 1438 வரை போர்ச்சுக்கலை ஆண்டவர்.

இந்த துவார்த் மன்னர்தாம் எல்லாவகைச் சேணத்திலும் நன்றாகச் சவாரி செய்வதைக் கற்பிக்கும் நூலைத் தம் தாய்மொழியில் எழுதினார். கிரேக்கரான செனஃபனுக்குப் பின் ஐரோப்பாவில் சவாரிக் கலையை இவ்வளவு விரிவாகப் பேசிய முதல் நூல்களுள் இது ஒன்று. முற்றுப்பெறாத அந்நூலின் கையெழுத்துப் படி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. அதில் அவர் பல்வேறு அமரும் முறைகளை எடுத்துரைக்கும்போது, அங்கவடியைக் குட்டையாக வைத்துச் சவாரி செய்யும் முறையையும் தயக்கமின்றிச் சேர்த்திருக்கிறார். அதைவிடக் கவனிக்கத்தக்கது, அச்சத்தை வெல்லும் வழிகளைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதி. சவாரியை உடலின் வேலையாக மட்டும் அவர் காணவில்லை. மனத்தின் பயிற்சியாகவும் கண்டார்.

அவருடைய தரப்பு நம் பள்ளிவாசலைப் பறித்தது. அதே அவர், நம் முன்னோரின் எதிர்த்தரப்பில் நின்றே, அவர்களிடமிருந்து வந்த அறிவை எழுதிப் பாதுகாத்தார். இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருப்பது எளிதன்று. ஆனால் வரலாற்றைப் படிப்பவனுக்கு அது கடமை.

1496 டிசம்பரில் மன்னர் மனுவேல் யூதர்களும் முஸ்லிம்களும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். லிஸ்பனின் மொவுராரியா என்னும் குடியிருப்பில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் சிறுபான்மையினராக வாழ்ந்த முஸ்லிம்களின் சமூகம் கலைந்தது. மக்களை வெளியேற்றினார்கள்; அவர்களின் சொற்களை வெளியேற்ற முடியவில்லை. போர்ச்சுக்கீசிய இராணுவத்தில் இளநிலை அதிகாரிக்கு இன்றும் ‘அல்ஃபெரஷ்’ என்றே பெயர். அது குதிரை வீரனைக் குறிக்கும் ‘அல்-ஃபாரிஸ்’. கால்நடை மருத்துவருக்குரிய பழஞ்சொல் ‘அல்வெய்தார்’; அது ‘அல்-பைதார்’. பொதிச்சேணம் ‘அல்பார்தா’, அது ‘அல்-பர்தஆ’. குதிரையின் உடலைத் தேய்க்கும் இரும்புச் சீப்பு ‘அல்முஃபாசா’, அது ‘அல்-மிஹஸ்ஸா’. லாயத்தில் வேலை செய்யும் சிறுவன் தன்னையறியாமல் நாள்தோறும் அரபு பேசுகிறான்.

அழிவும் மீட்பும்

18ஆம் நூற்றாண்டில் இத்தாலி, பிரான்ஸ் நாடுகளில் வளர்ந்த அரண்மனைச் சவாரி முறையும் போர்ச்சுக்கலில் வந்து கலந்தது. 1748இல் ஐந்தாம் ஜுவாங் மன்னர் ஆல்த்தெர் என்னும் ஊரில் அரச குதிரைப் பண்ணையை நிறுவினார். மரியால்வா கோமகன் அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆசான். அதனால் அக்கலையை இன்றும் மரியால்வாவின் கலை என்பர். அவருடைய மரபை விளக்கி, 1790இல் மனுவேல் கார்லுஷ் தெ அந்த்ராத் படங்களுடன் கூடிய பெருநூலை வெளியிட்டார்.

அதன்பின் அழிவு தொடங்கியது. நெப்போலியனின் படையெடுப்பு பண்ணைகளைச் சிதைத்தது. அரச சவாரிப் பள்ளி 19ஆம் நூற்றாண்டில் நின்றுபோயிற்று. லிஸ்பனின் பெலெம் பகுதியில் குதிரைகள் பயின்ற அரச மண்டபம் 1905இல் பழைய கோச்சு வண்டிகளின் அருங்காட்சியகமாயிற்று. 1910இல் முடியாட்சி வீழ்ந்தபோது ஆல்த்தெர் பண்ணையின் குதிரைகள் விற்கப்பட்டன. ரூய் தந்த்ராத் என்னும் அறிஞர் அவற்றில் மிகச் சிலவற்றைக் காப்பாற்றி வைத்ததால்தான் அந்த வழி அறுந்துபோகவில்லை.

20ஆம் நூற்றாண்டில் மீட்பு வந்தது. நூனோ ஒலிவேய்ரா (1925–1989) என்னும் ஆசான் பல நாடுகளுக்கும் சென்று இக்கலையைக் கற்பித்தார். 1960களில் லூசித்தானோ என்னும் பெயரில் குதிரை இனத்துக்குத் தனி வம்சாவளிப் பதிவேடு தொடங்கப்பட்டது. 1979இல் போர்ச்சுக்கீசியக் குதிரைக் கலைப் பள்ளி நிறுவப்பட்டது. அதன் வீரர்கள் 18ஆம் நூற்றாண்டு உடையில், ஆல்த்தெர் பண்ணையின் குதிரைகள் மீது, பழைய பாடங்களை அப்படியே நிகழ்த்துகின்றனர். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் போர்ச்சுக்கலின் குதிரைக் கலையை மனித குலத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு மதரஸா ஆசிரியனின் கண்ணுக்கு இதில் பழகிய ஒன்று தென்படுகிறது. நூல் இருந்தது, அந்நூலை உயிரோடு விளக்கும் ஆசான் இருந்தார், ஆசான் பயிற்றுவிக்கக் குதிரை இருந்தது. ஹதீஸ் கலையில் நாம் இஸ்னாத் என்று சொல்லும் அறிவிப்பாளர் தொடரைப் போல, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கலை சென்றது. தொடர் மெலிந்த காலத்தில் யாரோ ஒருவர் இருந்து அதைக் காத்தார். நூல் மட்டும் இருந்திருந்தால் அது அருங்காட்சியகப் பொருளாகியிருக்கும்.

காயலில் இறங்கிய குதிரைகள்

இதே வரலாற்றின் மறுபக்கம் நம் கரையிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர்களின் துறைமுகமான காயலில் ஆண்டுதோறும் அரபுக் குதிரைகள் இறங்கின. பாரசீக வளைகுடாவின் கைஸ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் இப்றாஹீம் அனுப்பியவை மட்டுமே ஆண்டுக்கு 1,400 என்றும், ஒன்றின் விலை 220 தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகிய்யுத்தீன் பாண்டிய அரசின் அமைச்சராகவே விளங்கினார்.

அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை இறந்துவிடும் என்கிறார் மார்க்கோ போலோ. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். குதிரை மருத்துவரைக் கடல் கடந்து வரவிடாமல் வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும் குற்றம் சாட்டுகிறார். குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும்! போலோ கேட்டதில் மிகை இருக்கலாம். நம் நாட்டின் வெப்பமும் தீனியும் குதிரைக்கு ஒவ்வாதவை என்பதும் உண்மை. எனினும் கேள்வி நிற்கிறது. விலங்கு வந்தது, அறிவு அதே அளவில் வரவில்லை. 1510இல் போர்ச்சுக்கீசியர் கோவாவைக் கைப்பற்றி, விஜயநகரத்துக்குச் செல்லும் குதிரை வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தபோது, முஸ்லிம் வணிகர்கள் அந்தச் செல்வத்தையும் இழந்தனர்.

நம் சமுதாயத்தில் ராவுத்தர் என்னும் பெயர் இன்றும் பெருமையோடு வழங்குகிறது. குதிரை வீரன் என்பதே அச்சொல்லின் பொருள். பெயர் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குரிய கலையை இன்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஸனாத்தாக்களின் பெயரைத் தாங்கிய கலையோ அவர்களை வென்றவர்களிடம் இருக்கிறது. மரபு என்பது உரிமை கோருபவனுக்குச் சொந்தமாவதில்லை. கற்று, கற்பித்து, காப்பவனுக்கே அது சொந்தமாகிறது. குதிரையைப் பற்றிச் சொன்ன இதே சொல்லை, நம் அரபுத்தமிழ் ஏடுகளைப் பற்றியும், கிதாபுகளைப் பற்றியும், பெரியவர்களோடு மறைந்துகொண்டிருக்கும் கைத்தொழில்களைப் பற்றியும் சொல்லலாம்.

மூன்று வகைக் குதிரைகள்

குதிரையின் நெற்றி மயிரில் மறுமை நாள்வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் புகாரியில் இடம்பெற்றுள்ளது. மதீனாவில் அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சியால் மெலிந்த குதிரைகளுக்கு நீண்ட தூரமும் மற்றவற்றுக்குக் குறுகிய தூரமும் வகுத்தார்கள். இளைஞரான இப்னு உமர் (ரலி) அதில் பங்கேற்றார்கள். மற்றொரு ஹதீஸில், குதிரை ஒருவருக்கு நற்கூலியாகவும், ஒருவருக்கு மானம் காக்கும் திரையாகவும், ஒருவருக்குப் பாவச்சுமையாகவும் அமையும் என்றும், பெருமைக்காக வளர்ப்பவனுக்கே அது சுமை என்றும் விளக்கினார்கள்.

இந்த அளவுகோலைப் போர்ச்சுக்கலுக்குச் செல்லும் பயணியும் கையில் வைத்திருக்க வேண்டும். ஏனெனில் அங்குள்ள குதிரைக் கலையின் ஒரு பகுதி காளைச் சண்டையோடு பின்னிக் கிடக்கிறது. குதிரைமேல் அமர்ந்து காளையின் மீது ஈட்டி குத்துவர். பொதுவாக அரங்கத்தில் வைத்துக் காளையைக் கொல்வதில்லை. ஆயினும் காயம் காயமே. அரச பள்ளி மூடப்பட்டிருந்த நூற்றாண்டில் இக்கலை உயிர் பிழைத்ததற்கு அந்த அரங்கங்களும் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது. உயிருள்ளவற்றை அம்புக்கு இலக்காக்குவதையும், விலங்குகளை ஒன்றோடொன்று மோத விடுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகவே கலையை மதிப்போம். அந்த அரங்கத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கமாட்டோம். ஒரு மரபு எவ்வழியாகப் பிழைத்தது என்பது அவ்வழியை ஆகுமாக்கிவிடாது.

வாய்ப்புள்ளவர்கள் குளிர்காலத்தில் அங்கே செல்லலாம். நவம்பர் 11ஆம் நாளை ஒட்டி, தேஜு ஆற்றின் அருகேயுள்ள கொலெகாங் ஊரில் தேசியக் குதிரைச் சந்தை கூடும். குளிருக்கு நடுவே அப்போது வரும் சில வெயில் நாள்களை அம்மக்கள் புனித மார்ட்டினின் கோடை என்பர். பிள்ளைகள் முதல் முதியவர் வரை தெருவெங்கும் குதிரை மீது வலம் வருவர். விழாவில் மது புழங்கும். ஒதுங்கிக் கொள்வது நம் பொறுப்பு. டிசம்பரில் அங்கே பகல் ஒன்பதரை மணி நேரமே இருப்பதால் லுஹரும் அஸரும் மக்ரிபும் நெருங்கி வரும்; தொழுகை நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது. லிஸ்பனில் 1985இல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளிவாசல் உண்டு. 1497இல் கலைந்துபோன ஜமாஅத்தின் நகரத்தில் மீண்டும் பாங்கு ஒலிக்கிறது.

சில்வஷ் கோட்டையை ஒரு மணி நேரம் பாருங்கள். பிறகு ஒரு சவாரிப் பள்ளிக்குச் சென்று, வயது முதிர்ந்த ஆசான் ஓர் இளைஞனின் முழங்காலைத் தொட்டுத் திருத்துவதைப் பொறுமையாகக் கவனியுங்கள். ஊர் திரும்பியதும், நம்மிடம் எஞ்சியுள்ள ஏதேனும் ஓர் அறிவை நம் பிள்ளைகளில் ஒருவருக்கு அதே பொறுமையோடு கற்றுக்கொடுக்கத் தொடங்குங்கள். அதற்குரிய ஆற்றலை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.